வாவிக்கரையின் அறிவியல் நூல்

நல்ல அறிவியல் புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது ‘யாழ் நூல்’. அதை எழுதியவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர்; அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துக்கொண்டு, வழக்கொழிந்த யாழ்களைக் கணக்குப் போட்டே மீட்டார். நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் குரல் என்ற சுரம் இளி என்ற சுரமாகும். இப்படிச் சுரங்களுக்கு அளவு காட்டுகிறார். நம் மட்டக்களப்பு வாவியில் நிலாக்காலத்தில் எழும் இன்னிசையும் நூலில் உண்டு. கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். பெரிய நூல்தான், தயங்க வேண்டாம். கணக்குப் பிடித்தவர்கள் இசைநரம்பியல் என்ற பகுதியில் தொடங்குங்கள். தேவாரம் கேட்டு வளர்ந்தவர்கள் நேரே தேவாரவியல் என்ற பகுதிக்குப் போகலாம்.