தமிழ் வாயில் தொடங்கும் ஆங்கிலம்

வாசிப்பு என்பது இரண்டு வேலை. எழுத்தைப் பார்த்து ஒலியை எழுப்புவது ஒன்று. எழுந்த ஒலியில் பொருளைக் காண்பது மற்றது. மட்டக்களப்பு வாவிக்கரையில் வளரும் ஐந்து வயதுப் பிள்ளை ‘நண்டு’ என்று எழுத்துக்கூட்டி முடித்த கணமே நண்டு அதன் மனத்தில் வந்து நிற்கும். பிறந்தது முதல் கேட்டுவந்த சொல் அது. அதே பிள்ளை ஆங்கிலத்தில் ‘கிராப்’ என்று பிழையில்லாமல் வாசித்தாலும், அச்சொல்லை அதற்குமுன் காதால் கேட்டிராவிட்டால் மிஞ்சுவது வெறும் சத்தம்தான். தமிழை முதல் மொழியாகக் கொண்ட பிள்ளைக்கு ஆங்கிலம் காதிலும் வாயிலும் தொடங்கவேண்டும் என்பதற்கு இதுவே முதற் காரணம்.

மட்டக்களப்புக்கு ஆங்கிலக் கல்வி புதிதல்ல. 1814இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் இங்கு வந்து தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்ததே மெதடிஸ்த மத்திய கல்லூரி. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஆங்கிலம் கற்றதும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில்தான். ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலம் வசதியுள்ள சிலருக்கே எட்டியது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்து, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வி உறுதியான பின்னர், எல்லாப் பிள்ளைகளும் முதலில் தமிழில் வாசிக்கவும் பிறகு ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்கவும் வழி திறந்தது. 1990களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம் இன்னொரு படியைச் சேர்த்தது. அதன்படி தரம் 1, 2 வகுப்புகளில் ஆங்கிலம் வாய்மொழியாக மட்டும். வகுப்பாசிரியரே பாட்டு, விளையாட்டு, சிறு கட்டளைகள் வழியாக அதைப் பழக்குவார். ஆங்கில வாசிப்பும் எழுத்தும் முறையான பாடமாகத் தரம் 3இல் தொடங்கும்.

இந்த ஒழுங்கு சரியானது. நடைமுறையில்தான் அது குலைகிறது. ஏடு தொடக்கிய கையோடு முன்பள்ளியிலேயே நாலு கோட்டுக் கொப்பியில் ‘ஏ, பி, சி, டி’ எழுதவேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள். பென்சிலை இன்னும் சரியாகப் பிடிக்கவராத கை பக்கம் பக்கமாக எழுதுகிறது; வாயோ ஓர் ஆங்கில வசனமும் பேசுவதில்லை. படுவான்கரைக் கிராமங்களில் வீட்டிலும் வயலிலும் தோணித்துறையிலும் ஆங்கிலம் காதில் விழ வழியில்லை. அங்கே ரீச்சரின் வாய் ஒன்றே பிள்ளைக்குக் கிடைக்கும் ஆங்கிலம். எழுத்து வேலையில் கரையும் ஒவ்வொரு நிமிடமும் அந்த வாயிலிருந்து பறிபோவதுதான்.

அடுத்தது ஒலி. தமிழ் எழுத்து பெரும்பாலும் ஓர் அசையைக் குறிக்கிறது. ‘க’ என்றால் மெய்யும் உயிரும் சேர்ந்தே வரும். ஆங்கில எழுத்தோ தனி ஒலியைச் சுட்ட முயல்கிறது. 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதவேண்டியிருப்பதால் அந்த முயற்சியும் பல இடங்களில் தவறுகிறது. இந்திய எழுத்துமுறைகளில் கற்கும் பிள்ளைகளுக்கு அசையைப் பிரிப்பது எளிதாகவும் தனி ஒலியைப் பிரிப்பது மெதுவாகவும் கைகூடுகிறது என்று கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வு காட்டியது. தமிழ் ஆசிரியருக்கு இங்கே ஒரு கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ‘க் + அ = க’ என்று உயிர்மெய் சொல்லிக்கொடுக்கும்போதே அவர் ஒலியைப் பிரித்துக் காட்டிவிட்டார். அதையே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகலாம்.

வலைக்கு ஆங்கிலச் சொல் ‘நெற்’. பிள்ளையின் முன் மூன்று சிப்பிகள். ரீச்சர் சொல்லை இழுத்துச் சொல்கிறார்: ந் – எ – ற். ஒவ்வோர் ஒலிக்கும் பிள்ளை ஒரு சிப்பியை முன்னே தள்ளுகிறது. பிறகு மூன்றையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்கிறது. சோவியத் உளவியலாளர் எல்கோனின் வகுத்த முறை இது, செலவே இல்லை. முதற் சிப்பியை மட்டும் மாற்றினால் ‘வெற்’, ‘பெற்’, ‘ஜெற்’ என்று ஒரு குடும்பமே வருகிறது. ‘வெற் நெற்’ என்றால் நனைந்த வலை. வாவியில் வலை வீசுகிறவரின் பிள்ளைக்கு அதற்குப் படம் தேவையில்லை. எழுத்தின் பெயரை அல்ல, ஒலியையே முதலில் பழக்கவேண்டும் என்பதும் இங்கே விளங்கும்: ‘என், ஈ, ரீ’ என்று பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் ‘நெற்’ வராது.

ஈழத்துப் பிள்ளைக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. ‘காற்று’, ‘ஆற்று’ என்பவற்றில் வரும் ற்ற ஒலியை இங்கே நாக்கு நுனி மேற்பல்லின் ஈறைத் தொட்டே உச்சரிக்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘ரீ’ எழுத்துக்குரிய ஒலியும் அங்கேதான் பிறக்கிறது. தமிழ்நாட்டில் ‘மார்க்கெட்’, ‘டிக்கெட்’ என்று எழுதுவதை இங்கே ‘மார்க்கற்’, ‘ரிக்கற்’ என்று எழுதுவது இதனால்தான்.

சிரமமான ஒலிகளும் உண்டு. தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் ‘ப’ எப்போதும் வல்லொலி. அதனால் படகுக்குரிய ‘போற்’ என்ற சொல்லின் தொடக்கத்தைப் பிள்ளை கடுமையாகச் சொல்லும். ஆனால் அந்த மெல்லிய ஒலி அதன் வாயில் இல்லாமலில்லை. ‘பாம்பு’ என்ற ஒரே சொல்லில் இரண்டும் இருக்கின்றன: முதலில் வருவது ஒன்று, ‘ம்’முக்குப் பின் வருவது மற்றது. ‘தம்பி’யின் நடு ஒலியைச் சொல்லின் முன்னுக்கு நகர்த்தினால் போதும். காத்தான்குடி, ஏறாவூர்ப் பிள்ளைகள் குர்ஆன் மதரசாவில் அரபு எழுத்தோடு ‘ஃப’ ஒலியையும் பழகிவிடுவதால் ‘ஃபிஷ்’ அவர்களுக்கு எளிது. வலமிருந்து இடமாக ஓர் எழுத்தும் இடமிருந்து வலமாக இரண்டு எழுத்துகளுமாக மூன்றைச் சமாளிக்கும் அந்தப் பிள்ளைகளின் திறமையை யாரும் போதிய அளவு மெச்சுவதில்லை.

இலக்கணத்துக்கு வந்தால், ‘பெயர்ச்சொல்’, ‘வினைச்சொல்’ என்ற பெயர்கள் இந்த வயதுக்கு வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் எங்கே வழி பிரிகின்றன என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும்; பிள்ளையின் பிழைகளில் பல அந்த இடங்களிலேயே வரும். ‘இது நண்டு’ என்பது தமிழில் முழு வசனம். ஆங்கிலத்தில் நடுவே ‘இஸ்’ வேண்டும், பெயருக்கு முன்னால் ‘எ’யும் வேண்டும்: ‘திஸ் இஸ் எ கிராப்.’ முட்டைக்கு அது ‘அன் எக்’ ஆகும். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்குவதே காரணம். ‘மூன்று மாடு’ என்று தமிழ் பேச்சில் சொல்லலாம். ஆங்கிலத்தில் எண்ணைச் சொன்னாலும் பன்மை ஒலி விடுபடக்கூடாது. ‘தம்பி மீன் பிடிக்கிறான்’ என்பதில் வினை கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் மீனுக்கு முன்னால் வந்துவிடுகிறது. அவன், அவர் இரண்டுக்கும் ‘ஹீ’. அவள், அவ இரண்டுக்கும் ‘ஷீ’. மரியாதை வேறுபாடு அங்கே இல்லை.

அதிகம் குழப்புவது ‘இல்’ உருபு. தோணியில், மேசையில், வாசலில் என்று தமிழில் ஒரே உருபால் சொல்வதை ஆங்கிலம் ‘இன்’, ‘ஒன்’, ‘அற்’ என்று மூன்றாகப் பிரிக்கிறது. இதை விளக்கிப் புரியவைப்பது கடினம், செய்துகாட்டுவது சுலபம். பெட்டிக்குள் ஒரு சிப்பி, பெட்டியின் மேல் ஒன்று. ரீச்சர் கேட்க, பிள்ளை வைத்து வைத்துச் சொல்லிப் பழகும்.

பிழைகளுக்கும் ஒரு கிரமம் உண்டு. 1970களில் அமெரிக்காவில் ஹெய்டி டூலே, மரீனா பேர்ட் ஆகியோர் ஸ்பானிய, சீன மொழி பேசும் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, வீட்டுமொழி வேறாயினும் ஆங்கில இலக்கணக் கூறுகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் கைவரக் கண்டார்கள். ‘இங்’ விகுதி முந்தி வருகிறது. ‘ஹீ’, ‘ஷீ’க்குப் பின் வினையோடு சேரும் ‘ஸ்’ வெகு பிந்தியே வருகிறது. ஆகவே தரம் 3 பிள்ளை ‘ஹீ கோ’ என்று சொன்னால் பதற்றம் வேண்டாம். சிவப்புப் பேனையும் வேண்டாம். ‘கிராப் ரெட்’ என்று சொல்கிற பிள்ளைக்கு ரீச்சர், ‘யெஸ், த கிராப் இஸ் ரெட்’ என்று முழுமையாக்கிச் சொன்னால் போதும். திருத்தம் பிள்ளையின் காதுக்குப் போய்விடும், பேச்சும் அறுபடாது.

எழுத்து இவ்வளவுக்கும் பிறகு வருவது. வாயால் சொன்ன வசனத்தையே எழுதவைக்கும்போது பெரிய எழுத்தில் தொடங்குவது, சொற்களுக்கிடையே விரலளவு இடைவெளி விடுவது, முற்றுப்புள்ளி இடுவது என்று கற்கவேண்டியவை சிலதான். இதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு தமிழில் இல்லாதது. அதற்குத் தனியாக நாள் ஒதுக்கவேண்டும். ‘பி’, ‘டி’ ஆகியவற்றின் சின்ன எழுத்துகள் இடவல மாற்றமாக விழுவது ஏழு வயதுவரை சாதாரணம். இரண்டையும் ஒரே வாரத்தில் கற்பிக்காமல், ஒன்று நன்றாகப் பதிந்தபின் மற்றதைத் தொடங்கினால் அந்தக் குழப்பமும் குறையும்.