ஹந்தானைச் சாரலில் ஒரு மெல்லிய படலம்

கடுகண்ணாவையில் வெயில் என்பது எண்ணிச் செலவிட வேண்டிய பொருள். றம்புக்கனையிலிருந்து மூச்சிரைக்க ஏறிவருகின்ற புகையிரதம் கணவாயின் உச்சியை அடைகின்ற காலைவேளைகளில், எதிரே நிமிர்ந்து நிற்கவேண்டிய பைபிள் மலை பனிமூட்டத்துக்குள் முற்றாக மறைந்திருப்பதும், பிற்பகலில் முகில் திரண்டுவந்து முற்றத்தை நிழலால் மூடிவிடுவதும் இவ்வூரார் அடிக்கடி காண்கின்ற காட்சிகள். மிளகையும் கராம்பையும் பாயில் பரப்பிக் காயவைக்கின்ற எங்கள் பெண்கள், முகிலுக்கு அப்பாலும் வெயில் இருக்கிறது என்பதையும், மங்கிய ஒளியிலும் பண்டம் மெல்ல மெல்லக் காயும் என்பதையும் எந்தப் பௌதிக நூலையும் படிக்காமலே அறிந்தவர்கள்.

அந்த ஒளியை, விலைமலிந்த பொருள்களைக்கொண்டு மின்சாரமாக மாற்ற இயலுமா என்ற வினாவுக்கு விடைதேடுவதில், இவ்வூரிலிருந்து ஏறத்தாழ 10 மைல் தொலைவில், கண்டி ஹந்தானைச் சாரலில் அமைந்துள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில், ஒரு விஞ்ஞானி தம் ஆராய்ச்சி வாழ்வின் பெரும்பகுதியை அர்ப்பணித்தார். அவர் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன். அவர் கையாண்ட சாதனமோ, தலைமயிரினும் மெல்லியதாய்க் கண்ணாடிமேல் படிந்திருக்கும் ஓர் ஒட்சைட்டுப் படலம்.

படலத்தின் மகிமை

உலோகம் ஒட்சிசனோடு சேர்ந்தால் பிறப்பது ஒட்சைட்டு. இரும்பின் துரு ஓர் ஒட்சைட்டு. சுவருக்குப் பூசும் வர்ணத்துக்கு வெண்மையைத் தருகின்ற தைத்தேனியம் ஈரொட்சைட்டு மற்றொன்று. கட்டியாகவோ தூளாகவோ கிடக்கும்போது சாதுவாகத் தோன்றுகின்ற இப்பொருள்கள், மிக மெல்லிய படலமாக விரிக்கப்படும்போது வியக்கத்தக்க குணவிசேஷங்களை வெளிப்படுத்துகின்றன. கைத்தொலைபேசியின் திரையில் நம் விரலின் ஸ்பரிசத்தை உணர்வது, ஒளியைத் தடுக்காமலே மின்சாரத்தைக் கடத்தவல்ல இந்தியம், வெள்ளீயம் ஆகியவற்றின் ஒட்சைட்டுப் படலமே. இவ்வாறு ஒரு தொழிலைச் செய்யவல்ல ஒட்சைட்டுகளைத் தொழிற்படு ஒட்சைட்டுகள் என்பர்.

ஒரு திண்மத்தின் உட்பகுதியில் உள்ள அணுக்கள் எல்லாத் திசைகளிலும் தம் இனத்தால் சூழப்பட்டிருக்க, மேற்பரப்பில் உள்ளவையே வெளியுலகத்தோடு ஒளியையும் மின்னேற்றத்தையும் கொடுத்து வாங்குகின்றன. பொருளை மெலிதாக்கி, அதனுள் நுண்டுளைகளையும் நிறைத்துவிட்டால், மேற்பரப்பு பெருகுகிறது. 10 மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள நுண்டுளைப் படலம் ஒன்றின் உண்மையான பரப்பு, அது மூடியிருக்கும் கண்ணாடியின் பரப்பைப் போலப் பல நூறு மடங்காகும்.

நியூத்திரினோவிலிருந்து சாயத்துக்கு

தென்னக்கோன் தம் வாழ்வைப் படலங்களோடு தொடங்கியவர் அல்லர். அவர் கொள்கைப் பௌதிகர். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த காலத்தில், 1972ஆம் ஆண்டு, சந்தீப் பக்வாசாவுடன் இணைந்து, திணிவற்றவை என்று அன்று பொதுவாகக் கருதப்பட்ட நியூத்திரினோ துணிக்கைகளுக்குத் திணிவு இருக்குமாயின் என்ன விளையும் என்பதை ஆராய்ந்து ‘பிசிக்கல் ரிவியூ லெற்றர்ஸ்’ சஞ்சிகையில் கட்டுரை வெளியிட்டார். அத்துணிக்கைகளுக்குத் திணிவு உண்டு என்பதைக் காட்டிய பரிசோதனைகளுக்கு 2015இல் நோபெல் பரிசு கிடைத்ததை நினைக்கும்போது, அந்த இளைஞரின் துணிவு நமக்கு விளங்குகிறது.

இலங்கையில் துணிக்கைகளை மோதவிடும் பாரிய இயந்திரங்கள் இல்லை, வெயில் இருந்தது. மாத்தறையில் உள்ள உறுகுணைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய 1980களில், செம்புத் தயோசயனேற்று என்னும் குறைகடத்தியின் மேல் சாயங்களைப் படியவைத்து, அவற்றின்மீது ஒளி வீழ்கையில் பிறக்கும் மின்னோட்டத்தை அவர் ஆராயத் தொடங்கினார். பின்னர் அவர் வந்துசேர்ந்த ஹந்தானை நிறுவகம், 1981ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டு, உயிரின் இரசாயனத் தோற்றத்தை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்ற சிறில் பொன்னம்பெரும பணிப்பாளராக விளங்கிய இடம். அப்பதவியைப் பிற்காலத்தில் தென்னக்கோனும் வகித்தார்.

ஏற்றமும் இறக்கமும்

1991ஆம் ஆண்டு, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் பிரையன் ஓ’றீகனும் மைக்கேல் கிரெற்செலும் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் நுண்டுளைப் படலத்தைச் சாயத்தில் தோய்த்து ஏழு சதவீதத்துக்கும் மேற்பட்ட வினைத்திறனுள்ள சூரியக் கலத்தைச் செய்துகாட்டியபோது, அதுவரை ஒரு சில ஆய்வுகூடங்களின் அக்கறையாயிருந்த துறை உலகத்தின் அக்கறையாயிற்று.

அக்கலம் தொழிற்படும் முறையைக் கடுகண்ணாவைக்காரருக்கு விளக்குவது எளிது. சாயத்தின் மூலக்கூறு ஒன்றில் ஒளி வீழ்ந்ததும், அதிலுள்ள இலத்திரன் ஒன்று, மலையேறிய புகையிரதத்தைப்போல, உயர்ந்த சக்திநிலைக்கு ஏற்றப்படுகிறது. அவ்வுயரத்திலிருந்து ஒரு பக்கத்துச் சரிவு ஒட்சைட்டுக்குள் இறங்குகிறது. அங்ஙனம் இறங்கிய இலத்திரன் வெளிச்சுற்றின் வழியே ஓடி விளக்கை எரித்துத் திரும்புகிறது. ஆனால் ஏறிவந்த தடத்திலேயே பின்னோக்கி வழுக்கிவிட்டாலோ, ஏற்றிய சக்தியெல்லாம் வெறும் வெப்பமாக வீணாகிறது. ஆகவே, பிரிந்த மின்னேற்றங்கள் மீண்டும் ஒன்றுசேராமல் காப்பதே இத்துறையின் தலையாய பிரச்சினை.

இலத்திரனை இழந்த சாயத்துக்கு அதனை ஈடுசெய்ய, லோசானின் கலத்தில் அயடைட்டுக் கரைசல் பயன்பட்டது. திரவம் கசியும், ஆவியாகும், நம்முடையதைப் போன்ற நாட்டு வெப்பத்தில் அதனைப் பல்லாண்டு அடைத்துவைத்தல் அரிது. அத்திரவத்தின் இடத்தில் ஒரு திண்மத்தை நிரப்பினால் என்ன? தென்னக்கோனும் அவருடைய மாணாக்கர்களும் 1995இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு விடை தந்தது: நுண்டுளைத் தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் படலம், அதன்மேல் ஒற்றை மூலக்கூற்றுத் தடிப்பில் சயனிடின் என்னும் தாவரச் சாயம், துளைகளை நிரப்பிய செம்பு அயடைட்டு, இவை மட்டுமே கொண்ட, ஒரு துளி திரவமும் இல்லாத சூரியக் கலம்.

சயனிடின் நமக்கு அந்நியமானதன்று. நம் வேலியோரத்துச் செவ்வரத்தம்பூவின் செம்மைக்குக் காரணமான சாய இனத்தைச் சேர்ந்தது. செய்முறையையும் சற்று அருகில் நின்று பார்க்கலாம். வெண்ணிறத் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூளை உரலில் இட்டு அசற்றிக்கமிலத்துடன் அரைத்துப் பசையாக்கி, மின்கடத்தும் கண்ணாடியின் மேல் ஒரு கத்தியின் விளிம்பால் இழுத்துப் பரப்பி, 450 பாகை செல்சியசு அளவில் சூளையில் சுடுகிறார்கள். பால்போல வெளுத்து வெளிவரும் படலத்தைப் பூவின் சாற்றில் தோய்க்க, அது கண்ணெதிரே கருநீலம் கலந்த ஊதாவாக மாறுகிறது. பின்னர் அக்கண்ணாடியைச் சூடான தட்டின்மேல் வைத்து, செம்பு அயடைட்டுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, கரைப்பான் ஆவியாகிப் போக, திண்மம் துளைகளுக்குள் தங்கிவிடுகிறது.

துளைகளுக்குள் தங்குவதிலேயே அடுத்த இடர் தோன்றியது. செம்பு அயடைட்டின் பளிங்குகள் விரைந்து பருத்து, துளையின் வாயிலிலேயே அடைத்துக்கொண்டன. கலத்தின் ஆற்றலும் நாள்கள் செல்லச் செல்லக் குன்றியது. நிறுவகத்தில் தென்னக்கோனிடம் பயின்று யப்பானின் சிசுவோக்காப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த ஜி. ஆர். ஏ. குமார, அவரோடும் யப்பானிய அறிஞர்களோடும் சேர்ந்து 2002இல் அதற்குப் பரிகாரம் கண்டார். ஓர் உப்பைச் சிறிதளவு கரைசலில் சேர்த்தால், அது பளிங்கின் முகத்தில் ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்க, சிறிய பளிங்குகள் துளையின் ஆழம்வரை இறங்கின.

இதற்கிடையே, பிரிந்த மின்னேற்றங்கள் மீண்டும் ஒன்றுசேராமல் காப்பது எப்படி என்ற வினா வேறொரு திசையிலும் தொடரப்பட்டது. வெள்ளீய ஒட்சைட்டில் இலத்திரன் விரைந்து ஓடும், ஆயினும் எளிதில் பின்வாங்கும்; நாக ஒட்சைட்டும் தனித்து நிற்கையில் சிறந்ததன்று. 1999இல் இவ்விரண்டையும் கலந்து செய்த படலம், தைத்தேனியம் ஈரொட்சைட்டோடு ஒப்பிடத்தக்க வினைத்திறனைத் தந்தபோது, இத்துறையினர் வியப்படைந்தனர். 2001இல் வெள்ளீய ஒட்சைட்டின் நுண்மணிகள்மேல் மகனீசியம் ஒட்சைட்டை மிக மெல்லிய கவசமாக இட்டபோதும் அதே பயன் கிட்டியது. அக்கவசம் இலத்திரனை முன்னே போகவிடுகிறது, திரும்பிவர விடுவதில்லை.

எஞ்சுவது எது?

வினைத்திறனை மட்டும் கணக்கிடுவோர், சிலிக்கன் கலங்களோடு ஒப்பிட்டு, இவ்வாராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்கக்கூடும். அவர்கள் 2012ஆம் ஆண்டை நினைவுகூர்தல் வேண்டும். 2009இல் யப்பானில் சாயத்துக்குப் பதிலாக முதன்முதல் பயன்பட்ட பெரொவ்ஸ்கைற்று என்னும் பளிங்கு வகைப் பொருள், திரவத்தில் விரைவில் கரைந்து அழிந்தது. 2012இல் அத்திரவத்தை நீக்கித் திண்மத்தை வைத்த பின்னரே, அதன் வினைத்திறன் பத்து சதவீதத்தை எட்டி, இன்றைய பெருவளர்ச்சி தொடங்கியது. திரவம் வேண்டாம், திண்மம் வேண்டும் என்று ஹந்தானையில் 1990களிலேயே வற்புறுத்தப்பட்ட கொள்கை, உலகம் பிற்பாடு நடந்த வழியாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன், ஒட்சைட்டுப் படலத்தோடு மின்கடத்தும் பல்பகுதியங்களை இணைக்கும் ஆராய்ச்சியை வளர்த்துவருகிறார்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரமான தைத்தேனியம், திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையில் கரிய மணலாகக் குவிந்திருக்கிறது. அம்மணலை மணலாகவே கப்பலேற்றிவிட்டு, தூய்மையாக்கிய தூளை விலைகொடுத்து வாங்குகின்ற நாடாக நாம் இன்னும் இருப்பது என் மனத்தை உறுத்துகிறது. ஒரே வினாவை நெடுங்காலம் விடாது பின்தொடர ஒரு விஞ்ஞானிக்கு இடமளித்த நிறுவகம் நம் மலையில் இருந்ததனாலேயே செம்பு அயடைட்டுக் கலம் பிறந்தது. அத்தகைய நீண்ட அவகாசத்தை இன்றைய இளைஞர்க்கும் அளித்தால், அந்தக் கரிய மணலும் இங்கேயே படலமாகும்.

சாயக் கலங்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு: நேர்வெயில் இன்றி, முகிலினூடே சிதறிவரும் ஒளியிலும் அவை நன்கு தொழிற்படுகின்றன. நேற்றும் மழைமுகில் கவிந்திருந்தது. அயல்வீட்டு அம்மா மிளகுப் பாயைச் சுருட்டாமல், வானத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முற்றத்திலேயே விட்டுச்சென்றார். அவர் நம்பிய அந்த மங்கிய ஒளியைத்தான் ஹந்தானையின் மெல்லிய படலமும் நம்பியது.