வீராணத்தைச் சுற்றி ஒரு சைக்கிள் சவாரி

"இந்த வயசில சைக்கிளா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க!"

இந்த நாலு பேருக்குப் பயந்தே நம்மில் பலர் பள்ளிக்கூடத்தோடு சைக்கிளுக்கு முழுக்குப் போட்டுவிட்டோம். ஹாலந்தில் ஜனத்தொகையைவிட சைக்கிள்கள் அதிகம். பேரன் பேத்தி எடுத்த பாட்டிமார்கூட வயல்வெளிகளுக்கு நடுவே நாள் முழுக்க மிதித்துச் சுற்றுகிறார்கள். மேடு பள்ளமில்லாத சமதரை அவர்களுக்குச் சௌகரியம். அந்தச் சௌகரியம் நம் சிதம்பரம் பக்கத்திலும் இருக்கிறதே!

அண்ணாமலை நகரில் புறப்பட்டு, காட்டுமன்னார்கோவில் போய், வீராணம் ஏரிக்கரையோடு சேத்தியாத்தோப்பு சேர்ந்து, புவனகிரி வழியாகத் திரும்பினால் ஏறக்குறைய 70 கிலோ மீட்டர். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் நான்கு பெண்கள் கிளம்பிவிட்டோம். நால்வருமே நாற்பதைத் தாண்டியவர்கள்.

பனி விலகுமுன் சிதம்பரத்தைக் கடந்தாயிற்று. குமராட்சியில் டீ குடிக்க நின்றபோது, "ஏன்க்கா, பஸ் ஓடலையா?" என்றார் கடைக்காரத் தம்பி. "ஓடுது தம்பி, நாங்களும் ஓட்டுறோம்!" என்றாள் எங்களில் ஒருத்தி.

இருபுறமும் சம்பா அறுவடை. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது டெல்டா வழக்கம். நெல் அறுத்த தாளுக்கு நடுவே இளம் உளுந்துச் செடி தலைகாட்டும் அழகைப் பஸ் ஜன்னலில் பார்க்க முடியாது. ரோட்டில் நெல் காய்கிற இடங்களில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம்.

லால்பேட்டை தாண்டியதும் வீராணம்! பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் உண்டான ஏரி. கரை மட்டும் சுமார் 16 கிலோ மீட்டர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது இந்தக் கரையில்தான். வந்தியத்தேவனுக்குக் குதிரை, நமக்குச் சைக்கிள்! கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இங்கே வருகிறது. 2004 முதல் சென்னைக்கும் குழாயில் போகிறது.

சேத்தியாத்தோப்பிலிருந்து லாரிகள் அதிகம். ஒருவர் பின் ஒருவராக, ஓரமாகத்தான் வர வேண்டும். மதியத்துக்கு மேல் கடல் காற்று எதிரே வந்து முட்டும். ஏற்றமில்லாத ஊரில் எதிர்காற்றுதான் மலை. அவசரப்படாமல் மெள்ள மிதித்தால் போதும். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி வீடு சேர மாலை நான்கு மணி.

பெண்களுக்கு இதில் உண்மையான கஷ்டம் கால் வலி இல்லை, கழிப்பறைதான். 'எங்கே ஒதுங்குவது' என்று தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறோம். அடக்கி அடக்கி வைப்பதால் சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றும். வெயிலில் மயக்கமும் வரும். ஆகவே பஸ் நிலையம், பெட்ரோல் பங்க், தெரிந்தவர் வீடு என்று நிற்கும் இடங்களை முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள். கால் மணிக்கு ஒரு தரம் நாலு மடக்குத் தண்ணீர், நடுவே உப்புப் போட்ட மோர் அவசியம்.

சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும். பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீண்டு, சற்றே மடங்கியிருக்க வேண்டும். முதல் வாரம் 5 கிலோ மீட்டரில் ஆரம்பித்து, இரண்டு மூன்று மாதத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். சர்க்கரை வியாதி, இருதய நோய், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் கையில் மிட்டாயும் பிஸ்கட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

நாலு பேர் பேச்சு? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களையும்தான் கேலி செய்தார்கள். அதற்காக அவர்கள் இறங்கிவிடவில்லை. தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் யார் துணையையும் எதிர்பாராமல் கிளம்பினார்கள்.

மகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் திண்ணையோரம் தூசி படிந்து நிற்கிறதா? காற்றடித்து, பிரேக்கைச் சரிபார்த்து, செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். நாளைக்கு அடுத்த தெரு வரை. அப்புறம் அடுத்த ஊர் வரை. வீராணம் எங்கேயும் போய்விடாது, காத்திருக்கும்!