தடுப்பூசி: தயக்கமும் கணக்கும்

மாணவர்களே, உங்கள் வகுப்பில் யாருக்காவது டிப்தீரியா எனும் தொண்டை அடைப்பான் நோய் வந்து பார்த்ததுண்டா? பெரும்பாலோர் 'இல்லை' என்பீர்கள். அது தடுப்பூசியின் சாதனை. பெற்றோரின் தயக்கம் தொடங்குவதும் இங்குதான். நோயைக் கண்ணால் காணாதவர்களுக்கு, நோயைவிட ஊசியே பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

மலேசியாவில் தங்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி வேண்டாம் என்று பெற்றோர் மறுத்த சம்பவங்கள் 2013-இல் 637 பதிவாயின. 2016-இல் அவை 1,603 ஆக உயர்ந்தன. அதே 2016-இல் டிப்தீரியா மீண்டும் சிறுவர்களின் உயிரைப் பறித்தது. தடுப்பூசி போடாத பிள்ளைகளும் அவர்களில் இருந்தனர்.

"ஒரு பிள்ளைக்குப் போடாவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். இதற்குக் கணக்கு பதில் சொல்லும். எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே, தட்டம்மை கண்ட ஒருவர் 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்புவார். அந்த 18 பேரில் 17 பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால், நோய் ஒருவருக்குத்தான் தொற்றும். அதையும் தடுத்தால்தான் பரவல் அடங்கும். அதனால்தான் 95 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பாற்றல் தேவை என்கிறார்கள். 40 பேர் கொண்ட வகுப்பில் இது 38 பேர். மீதம் இரண்டே இடங்கள்.

அந்த இடங்கள் யாருக்கு? புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவதால் இந்த ஊசியைப் போட முடியாதவர்களுக்கு. தட்டம்மை ஊசிக்கான ஒன்பது மாத வயதை இன்னும் எட்டாத கைக்குழந்தைகளுக்கு. விரும்பி மறுப்பவர் அவர்களின் இடத்தை எடுத்துக்கொள்கிறார்.

ஊசிக்குப் பின் காய்ச்சலும் வலியும் வருவதுண்டு. அவை ஓரிரு நாளில் தணியும். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான் ஏற்படுகிறது. தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற அச்சம், 1998-இல் 12 குழந்தைகளை மட்டும் வைத்து வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையால் பரவியது. அதை வெளியிட்ட இதழே 2010-இல் கட்டுரையை மீட்டுக்கொண்டது. பின்னர் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை.

தயங்கும் பெற்றோர் பிள்ளைமீது அன்பில்லாதவர்கள் அல்லர்; அன்பினால்தான் அஞ்சுகிறார்கள். உங்கள் அக்காவோ சித்தியோ தயங்கினால், கேலி செய்யாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் கேளுங்கள். பிறகு, கிளினிக்கில் உள்ள தாதியிடம் அதே கேள்வியைக் கேட்க அவருடன் நீங்களும் செல்லுங்கள்.