தொழிலாளர் தொடங்கிய நூலகம்

பம்பாயில் காலா கோடா என வழங்கும் பகுதியில், எல்பின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தை அடுத்து, மஞ்சள் நிற மலாடு கல்லால் எழுப்பப்பெற்ற நூலகம் ஒன்று உளது. மாதுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் கோட்டைப் பகுதிக்கு அலுவல் நிமித்தம் செல்லும் தமிழன்பர் பலர் அதன் கூர்வளைவுகளைக் கண்டிருப்பர். டேவிட் சசூன் என்ற பெயரை அது தாங்கி நிற்றலால், செல்வர் ஒருவர் தொடங்கிய நிலையம் என்றே எண்ணத் தோன்றும். உண்மை வேறு.

1847-ஆம் ஆண்டில், நாணயச் சாலையிலும் அரசாங்கக் கப்பல் பட்டறையிலும் பணியாற்றிய இளம் மெக்கானிக்குகளும் மேஸ்திரிகளும் ஒன்றுகூடினர். இயந்திர மாதிரிகளும் கட்டட வரைபடங்களும் அடங்கிய காட்சிச்சாலையும், அதனோடு ஒரு நூல்நிலையமும் வேண்டுமென முனைந்தனர். இம்முயற்சிக்கு முன்மாதிரி பிரிட்டனில் இருந்தது. கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பர்க்பெக் என்னும் ஆசிரியர், தம் சோதனைக் கருவியைச் செய்து தந்த தொழிலாளர் அதன் இயக்கம் பற்றி ஆர்வத்துடன் வினவக் கண்டு, 1800-இல் அவர்கட்கெனக் கட்டணமின்றிச் சொற்பொழிவுகள் ஆற்றத் தொடங்கினார். 1823-இல் லண்டனில் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் தோன்றியது. பம்பாய்த் தொழிலாளர் தம் நிலையத்திற்கும் அப்பெயரையே இட்டனர்.

நிலையம் தோன்றியதும் நிலையான கட்டடம் வாய்த்துவிடவில்லை. அதற்கு இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று. பாக்தாதிலிருந்து வந்து பம்பாயில் குடியேறிய யூத வணிகர் சசூன் 60,000 ரூபாய் அளித்தார். மொத்தச் செலவோ 1,25,000 ரூபாய். எஞ்சியதை அரசாங்கம் ஏற்றது. (அவரது செல்வத்தில் சீனத்திற்கு அபினி அனுப்பிய வாணிகத்தின் பங்கும் உண்டு, கொடையைப் புகழ்வோர் இதனை மறைத்தல் முறையன்று.) 1864-இல் மறைந்த அவர், 1870-இல் நிறைவுற்ற கட்டடத்தைக் காணவில்லை. சிற்பி தாமஸ் வூல்னர் செதுக்கிய அவரது சிலை மட்டும் உள்ளே நிற்கின்றது. நாளடைவில் மெக்கானிக்குகளின் பெயர் நீங்கி, கொடையாளர் பெயரே நிலைத்தது.

கட்டடமும் மாறுதலுக்குத் தப்பவில்லை. 1960-களில் பழைய சாய்கூரை அகற்றப்பட்டுச் சிமெண்டுத் தளம் இடப்பெற்றது. 2023-இல் முடிந்த சீரமைப்பில்தான் பழைய வடிவிலேயே கூரை மீண்டும் அமைந்தது. மேல்மாடித் தாழ்வாரத்துச் சாய்வு நாற்காலிகள் பெயர் பெற்றவை. நூலைக் கையில் ஏந்தியபடியே நண்பகலில் கண்ணயர்வோரும் அங்கு உண்டு. பின்புறத் தோட்டத்தின் நிழலோ, அவ்வீதியின் இரைச்சலில் நடந்து வந்தவர்க்கு எதிர்பாராத பேறு.