கடலாமையும் நம் கடமையும்

அருகிவரும் விலங்குகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காண்டாமிருகம். அஸ்ஸாமிலுள்ள காசிரங்காக் காட்டில் ஒரு நூற்றாண்டுக்கு முன் அவ்விலங்கு மிகச் சிலவே எஞ்சியிருந்தன. 1905இல் அக்காட்டைக் காப்பதற்கான முதற்படி எடுத்துவைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 2,613 காண்டாமிருகங்கள் காணப்பட்டன. அவ்விலங்கை மனிதன் கொன்றது அதன் கொம்புக்காக. அக்கொம்போ, நம் விரல் நகம் எப்பொருளால் ஆயிற்றோ அப்பொருளால் ஆனதே. அதனை அருமருந்து என்று நம்பி விலை கொடுப்போர் இல்லையாயின், கொல்வோரும் இலர். ஆகவே ஓர் உயிரினத்தின் வாழ்வும் அழிவும் காவலர் கையில் மட்டும் இல்லை. அங்காடியில் நிற்கும் சாதாரண மனிதர் கையிலும் இருக்கின்றன.

"அஸ்ஸாம் காட்டுக்கும் எனக்கும் என்ன தொடர்பு?" என்று வள்ளூரில் வாழும் ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் அவர் ஊரையடுத்து ஓடும் கொசத்தலை ஆறு, வள்ளூர் அணைக்கட்டைக் கடந்து, எண்ணூர் முகத்துவாரத்தின் வழியாகக் கடலை அடைகிறது. அந்தக் கடலிலேயே, காண்டாமிருகத்துக்கு ஒப்பான காப்பு வேண்டி நிற்கும் ஓர் உயிர் ஆண்டுதோறும் நம் கரையை நாடி வருகிறது. பங்குனி ஆமை என்று நம் மீனவர் வழங்கும் சிறு கடலாமையே அது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் காண்டாமிருகத்தோடு அதுவும் இடம் பெற்றுள்ளது.

அதன் வாழ்க்கை முறையை முதலில் அறிந்துகொள்வோம். தை தொடங்கிப் பங்குனி வரையிலான இரவுகளில் பெண் ஆமை மணற்கரையில் ஏறுகிறது. பின்கால்களால் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. தாய் அடைகாப்பதில்லை, வெயிலில் காய்ந்த மணலே அவ்வேலையைச் செய்கிறது. மணலின் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன. 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிப்படுகின்றன. பெரும்பாலும் இரவில் வெளிவரும் அவை, எத்திசை வெளிச்சமாயிருக்கிறதோ அத்திசை நோக்கி ஓடுகின்றன. இயற்கையில் அது கடலின் திசை. குஞ்சுகளுள் பருவமெய்திப் பிழைத்திருப்பவை மிகமிகச் சிலவே. பருவமெய்தவும் பல்லாண்டுகள் செல்லும். எனவே முட்டையிட வரும் ஒவ்வொரு தாயும் ஆயிரத்தில் ஒன்றாகத் தப்பிப் பிழைத்து வந்தது என்றே கொள்ளலாம்.

இத்தகைய தாய் ஆமைகள் 2025ஆம் ஆண்டு சனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை தமிழகக் கடற்கரையில் இறந்து ஒதுங்கின. அவற்றுள் பெரும்பாலானவை சென்னையிலும் அதனை அடுத்த கரைகளிலும் ஒதுங்கியவை. ஆமைக்கு மீனைப் போலச் செவுள் இல்லை. நம்மைப் போல நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி அது. கடலடியைத் துழாவிச் செல்லும் இழுவலையில் சிக்கினால், மேலே வந்து மூச்சுவிட இயலாமல் திணறி மடிகிறது. தண்ணீரிலேயே வாழும் உயிர் தண்ணீரில் மூழ்கிச் சாவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் நடப்பது அதுவே.

இதனால் மீனவரைப் பகைவராகக் கருதுதல் தவறு. காசிமேட்டிலிருந்து புறப்படும் விசைப்படகில் பல குடும்பங்களின் உலை அரிசி இருக்கிறது. ஆமையைப் பிடிப்பது அவர் நோக்கமன்று. பெரிய ஆமை சிக்கினால் வலை கிழிந்து நட்டமும் அவருக்கே. ஆகவே வழி காண வேண்டுமே ஒழியப் பழி கூறிப் பயனில்லை.

வழி இரண்டு உண்டு. முதலாவது, விலகி நிற்பது. முட்டையிடும் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைல்களுக்குள் இழுவலை இழுக்கலாகாது என்பது விதி. ஆமைகள் கூடுவது பெரிதும் அப்பகுதியிலேயே ஆதலின், இவ்விதி நன்கு காக்கப்பட்டால் பெரும்பகுதி இழப்பு நீங்கும். நாட்டுப்படகு மீனவரின் மீன்வளத்துக்கும் இதுவே பாதுகாப்பு. இரண்டாவது, வலையிலேயே ஆமைக்கு ஒரு வாயில் வைப்பது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கென ஒரு கருவியை நம் நாட்டு வலைகளுக்கேற்ப அமைத்திருக்கிறது. வலையின் கழுத்தில் சாய்வாக ஓர் உலோகக் கம்பிச் சட்டம் பொருத்தப்படும். இறாலும் சிறு மீனும் கம்பிகளின் இடையே நுழைந்து வலையின் அடிப்பைக்குச் செல்லும்; ஆமையோ சட்டத்தில் மோதி, அதன் சாய்வு காட்டும் வழியே திறப்பை அடைந்து வெளியேறும். அத்திறப்பின் வழியே மீனும் சிறிது தப்பிவிடும் என்பது மீனவர் குறை. அக்குறையைப் பொருட்படுத்தாமல் கட்டளை மட்டும் இடுவது நிலைக்காது. இழப்பை ஈடுசெய்ய உதவுவது சமுதாயத்தின் பொறுப்பு. இக்கருவி இல்லாத காரணத்தால் 2019இல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்க மறுத்தது. ஆமையைக் காத்தால் வாணிகமும் காக்கப்படும் என்பது இதனால் விளங்கும்.

வலையில் சிக்கிய ஆமை அசைவற்றிருந்தால் இறந்துவிட்டதென்று கடலில் எறிந்துவிடுதல் கூடாது. அதனை வயிறு கீழாகக் கிடத்தி, பின்பகுதியை அரை அடியேனும் உயர்த்தி வைக்க வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் அதனால் வடியும். நிழலில் வைத்து ஈரத்துணி போர்த்த வேண்டும். சில மணி நேரத்தில் உணர்வு பெறுவதுண்டு. ஒருநாள் வரை பொறுத்திருப்பது நலம். உணர்வு பெற்றபின், பொறியை நிறுத்தி, வலை இல்லாத இடத்தில் மெல்ல நீரில் விட வேண்டும். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

கரையில் வாழ்வோர் செய்யத்தக்கவை எவை? வடசென்னைக்கு இங்கே தனித்ததொரு துயரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. வீடுகளைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல்லின்மேல் ஆமை ஏறாது. ஆகவே எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு வரை எஞ்சியுள்ள மணற்கரை ஒவ்வொரு கசமும் அருமையானது. அங்கே பருவ இரவுகளில் கடலை நோக்கிய விளக்குகளை அணைக்கலாம். அணைக்க இயலாதவற்றுக்கு மறைப்பு இடலாம். இல்லையேல் குஞ்சுகள் கடலென்று மயங்கிச் சாலைக்கு ஓடி மாயும். ஆமை ஏறும்போது அருகே செல்லாமலும், ஒளி பாய்ச்சிப் படம் எடுக்காமலும் இருக்கலாம். முட்டைக் குழியைக் கண்டால் தோண்டாமல் வனத்துறைக்குச் செய்தி அனுப்பலாம். உணவுக் கழிவை மணலில் எறியாதிருந்தால், அதனை நாடி வரும் நாய்கள் முட்டையைக் கிளறுவதும் குறையும்.

கரைக்குச் சற்று விலகி வாழும் வள்ளூராருக்கும் பங்குண்டு. ஆற்றில் எறியும் பிளாஸ்டிக் பை கடலில் சொறிமீன் போல மிதக்கிறது; ஆமை அதனை இரையென விழுங்குகிறது. ஆலைக் கழிவோ அனல் நிலையச் சாம்பலோ ஆற்றில் கலக்கக் கண்டால், ஊரார் கூடி முறையிடுதல் வேண்டும். 2017 சனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கையில் வாளி ஏந்தி அதனை அள்ளியவருள் மாணவரும் மீனவரும் இருந்தனர். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் முகத்துவாரத்தில் பரவியபோதும் மீனவர் தம் படகுகளிலேயே சென்று அதனை அகற்றினர்.

பொதுமக்களின் முயற்சியால் என்ன விளையும் என்று ஐயுறுவோருக்குத் தென்சென்னைக் கரை விடை கூறும். 1970களில் ஆர்வலர் சிலர் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைக் காக்கத் தொடங்கினர். 1988இல் மாணவர்கள் ஓர் அமைப்பாகத் திரண்டு அப்பணியை ஏற்றனர். அவர்களுக்குப் பின் வந்த மாணவர் தலைமுறைகளும் பருவந்தோறும் பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் இரவெல்லாம் நடந்து, முட்டைகளைக் காப்பிடத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வந்திருக்கின்றனர். அவர்கள் செல்வர் அல்லர். அதிகாரம் உடையவரும் அல்லர். உறக்கத்தில் சில மணி நேரத்தைத் துறந்தவர்கள், அவ்வளவே.

அத்தகைய குழு ஒன்று எண்ணூர்க் கரையோர ஊர்களிலும் தோன்றலாம். பள்ளி ஆசிரியர் ஒருவரும் மீனவர் சங்கத்தினர் இருவரும் முன்வந்தாலே தொடக்கத்துக்குப் போதும். வனத்துறையின் ஒப்புதலைப் பெற்று, தை பிறக்குமுன் பணியைத் திட்டமிட்டுக்கொள்வது நன்று.