தரைக்குச் சேதமின்றிப் பனி அகற்றல்: உழவு இயந்திரத் தகட்டை மாற்றியமைக்கும் முறை

மொன்றியல் தீவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ இரண்டு மீற்றர் பனி பொழிகின்றது. டோர்வலில் வீட்டு வாகனப் பாதையைத் துப்புரவு செய்வதற்குச் சொந்தமாகச் சிறு உழவு இயந்திரம் வைத்திருப்போரும் உளர். ஒப்பந்தகாரரை அமர்த்துவோரும் உளர். இரு சாராரும் அறிந்திருக்க வேண்டியது ஒன்று: தகட்டின் உருக்கு விளிம்பு தரையைச் சுரண்டலாகாது.

மண்ணைச் சமன்படுத்துவதற்கென அமைந்த அவ்விளிம்பு தாரைக் கீறும். இன்ரலொக் கற்களின் ஓரங்களை உடைக்கும். நிலத்தின் ஈரம் உறைவதால் மேலெழுந்து நிற்கும் கல்லைப் பெயர்த்தும் விடும். கீறலுள் புகும் நீர் உறையும்போது சுமார் 9 வீதம் விரிந்து பிளவைப் பெரிதாக்குகின்றது. தை மாதத்துக் கீறல் சித்திரையில் குழியாகத் தென்படுவது இதனாலேயே.

பின்வரும் மூன்று மாற்றங்கள் போதுமானவை. வேலையைத் தொடங்குமுன் இயந்திரத்தை நிறுத்தி, தகட்டை உறுதியான மரக்கட்டைகள் மீது இறக்கி வைக்கவும்.

1. விளிம்பு: தகட்டில் ஏற்கெனவே உள்ள ஆணித் துளைகளைப் பயன்படுத்தி, தடித்த இறப்பர் அல்லது பொலியுறித்தேன் பட்டியைப் பொருத்தவும். பட்டி உருக்குக்குக் கீழே இரண்டு முதல் நான்கு சென்ரிமீற்றர் நீண்டிருத்தல் நன்று. குறைந்தால் உருக்குத் தரையைத் தொடும். மிகுந்தால் பட்டி மடியும்.

2. உயரம்: சரளைக்கல் பாதைக்கு இறப்பர் மட்டும் போதாது. தகட்டின் இரு முனைகளிலும் உள்ள சறுக்குத் தகடுகளை இறக்கி, விளிம்பு தரையிலிருந்து 2.5 சென்ரிமீற்றர் அளவில் உயர்ந்திருக்கச் செய்யவும்.

3. அழுத்தம்: தூக்கும் நெம்புகோலை மிதவை நிலையில் வைத்தால், தகடு தன் எடையுடன் மட்டும் மேடு பள்ளங்களைப் பின்பற்றிச் செல்லும். கீழ்நோக்கி அழுத்த வேண்டாம்.

இறப்பர் விளிம்பு இறுகிய பனியை வெட்டாது. ஆகவே, வாகனங்கள் ஏறி மிதிக்குமுன் மெதுவாகத் தள்ளிவிடவும். எஞ்சும் மெல்லிய படலத்தைச் சுரண்டாது உப்பு இடவும். வெப்பநிலை மறை 10 பாகைக்குக் கீழே சென்றால் சாதாரண உப்பின் வலிமை குன்றுவதால் மணல் தூவவும். நிலம் உறையுமுன் பாதையோரங்களிலும் படிகளருகிலும் அடையாளக் கோல்களை நாட்டி வைத்தல் உதவும்.

ஒப்பந்தகாரரை அமர்த்துவோர், எவ்வகை விளிம்பு பயன்படுத்தப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிப் பெறுதல் நன்று. கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் 2100ஆம் உறுப்புரை, ஒப்பந்தகாரர் வாடிக்கையாளரின் நலன் கருதி முன்னவதானத்துடனும் கவனத்துடனும் செயற்பட வேண்டுமெனக் கூறுகின்றது. எனினும், சேதம் முன்னரே இருந்ததா என்ற கேள்வி எழுமாயின் ஆதாரம் தேவைப்படும். முதற் பனிக்கு முன்னர் பாதையைத் திகதியுடன் படம்பிடித்து வைக்கவும்.

தள்ளிய பனியை உங்கள் காணிக்குள்ளேயே சேர்க்கவும். தெருவிலோ, நடைபாதையிலோ, தீயணைப்பு நீர்க்குழாயைச் சுற்றியோ குவித்தல் ஆகாது. தீ விபத்தின்போது அப்பனியை விலக்கச் செலவாகும் நிமிடங்கள் அயலவரின் உயிருக்கு ஆபத்தாகலாம்.